ஓர் அங்குலம் கீழே

வலிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பெரும்பாலும் உந்திச் செல்லும் ஆற்றலே. பாய்ந்தோடும் குதிரை, சீறி எழும் அலை, முழங்கும் இயந்திரம் ஆகியவற்றை வலிமையின் அடையாளங்களாகக் கொள்கிறோம். தாங்கி நிற்கும் ஆற்றலையும், திசை தவறாமல் பிடித்து நிறுத்தும் ஆற்றலையும் அவ்வாறு எண்ணுவது அரிது. ஆனால் கிறிஸ்தவ அறநெறி நான்கு தலையாய நற்பண்புகளை வரிசைப்படுத்தும்போது விவேகத்தையே முதலில் வைக்கிறது. மனத்திடம் அதற்குப் பின்னரே வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, பழைய இலத்தீன் மரபைப் பின்பற்றி, விவேகத்தை மற்ற நற்பண்புகளின் தேரோட்டி என்று குறிப்பிடுகிறது. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் தேர்வுக்காக நான் மனனம் செய்த உருவகம் அது. அதன் முழுப் பொருளையும் எனக்கு விளக்கியது ஒரு பழைய அமெரிக்கக் கார் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

அமெரிக்காவில் 'மஸில் கார்' என்று ஒரு வகை உண்டு. தசை வலிமை மிக்க கார் என்பது அதன் பொருள். 1964ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் போன்டியாக் பிரிவு, டெம்பெஸ்ட் என்ற தன் நடுத்தரக் காரில் 389 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது 6.4 லிட்டர், கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 'ஜி.டி.ஓ.' என்ற பெயரில் விற்றது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. இது தனி மாதிரி அன்று, வாங்குவோர் விரும்பினால் கேட்டுப் பெறும் கூடுதல் வசதியே என்று சொல்லி, ஜான் டெலோரியன் முதலான பொறியாளர்கள் அவ்விதியைத் தாண்டினர். எஞ்சினின் திறன் 325 குதிரைத்திறன். ஆனால் அந்த வேகத்தை அடக்க வேண்டிய பிரேக்குகளோ நான்கு சக்கரங்களிலும் 9.5 அங்குல டிரம் பிரேக்குகளே. அக்காலத்தின் மனப்போக்கை இந்த ஒரு முரணே காட்டிவிடும். ஓடுவதற்கு எல்லாம் தரப்பட்டது. நிற்பதற்கும் திரும்புவதற்கும் தரப்பட்டது குறைவு. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், காப்பீட்டுக் கட்டண உயர்வு, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஆகியவை அந்தக் காலத்தை முடித்துவைத்தன. எஞ்சிய கார்களை இன்றும் அமெரிக்கர்கள் குடும்பச் சொத்தைப் போலப் பேணி வருகின்றனர்.

நான் சொல்ல வந்த கார் 1966ஆம் ஆண்டின் ஃபோர்ட் மஸ்டாங். இலக்கணம் பார்ப்போர் இதனை 'போனி கார்', அதாவது சிறு குதிரை வகை, என்று தனியே பிரிப்பர். பொதுமக்களோ எட்டு சிலிண்டர் மஸ்டாங்கையும் மஸில் கார் என்றே அழைக்கின்றனர். இத்தாலியக் குடியேறிகளின் மகனான லீ ஐயகோக்காவின் முனைப்பால் உருவான இக்கார், 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. தொடக்க விலை 2,368 டாலர். இரண்டு ஆண்டுகளுக்குள் 10 லட்சம் கார்கள் உருவாக்கப்பட்டன. அவ்வளவு மலிவாக விற்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெளித்தோற்றம் புதிதாயினும் அடித்தளம் ஃபால்கன் என்ற எளிய குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டது.

அடித்தளம் என்றேன். அதில் முக்கியமானது முன்சக்கரங்களைக் காருடன் இணைத்துத் தாங்கும் அமைப்பு. ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்பர். அக்கால மஸ்டாங்கில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என இரண்டு இரும்புக் கைகள் பிடித்துக்கொள்கின்றன. மேல் கையின் மீது கனத்த சுருள்வில் ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் நடுவே ஷாக் அப்சார்பர் நிற்கிறது. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்தக் கைகள் உடலோடு இணைந்த முனையைப் பற்றிக் கதவின் கீல்போல அசைகின்றன. நம் ஊர் மாட்டுவண்டியில் இப்படி எதுவும் இல்லை. மேட்டின் அதிர்ச்சி அச்சு வழியாக நேரே ஏறி நம் முதுகெலும்பில் முடியும். காரிலோ அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதோடு, டயர் எப்போதும் சாலையில் முழுமையாகப் பதிந்திருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இவ்வமைப்பின் கடமை. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், காரையும் பூமியையும் இணைப்பவை உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் தடங்களே அன்றோ?

மஸ்டாங்கின் மேல் கை, உடலோடு இணையும் முனை உயரமாகவும் சக்கரத்தோடு இணையும் முனை தாழ்வாகவும் சரிந்து நின்றது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் உடலை நோக்கி மேலெழும். அப்போது அந்தச் சரிவின் காரணமாக டயரின் மேற்பகுதி வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. டயர் தன் வெளி விளிம்பில் நிற்க, உட்பகுதி சாலையை விட்டு எழ முயல்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகவே விரும்பும். எடையில் பாதிக்கு மேல் முன்பக்கம் இருப்பதால் இக்குறை இன்னும் மிகுதியாகும்.

இக்குறையை ஃபோர்ட் நிறுவனத்தில் யாரும் அறியாமல் இல்லை. அங்கேயே பணியாற்றிய கிளாஸ் ஆர்னிங் என்ற பொறியாளர் இதற்குத் தீர்வு கண்டார். மேல் கை உடலோடு இணையும் இடத்தை ஓர் அங்குலம் கீழே இறக்கினால் போதும். அப்போது சக்கரம் எழும்போது அதன் மேற்பகுதி உள்நோக்கி இழுக்கப்பட்டு, டயர் சாலையில் செம்மையாகப் பதியும். புதிய உறுப்பு ஒன்றும் வேண்டியதில்லை. பக்கத்துக்கு இரண்டு புதிய துளைகள் போதும். ஆயினும் சாதாரண மஸ்டாங்கில் இதனைச் செய்யவில்லை. 1965ஆம் ஆண்டில் காரல் ஷெல்பி என்ற பந்தய வீரர் உருவாக்கிய ஜி.டி. 350 என்ற சிறப்பு மாதிரியில்தான் இத்துளைகள் இடப்பட்டன. அந்த மாதிரியிலும்கூட 1966ஆம் ஆண்டுக் கார்களில் செலவைக் குறைக்க இது கைவிடப்பட்டது. இன்று பழைய மஸ்டாங் வைத்திருப்போர் பலர் ஷெல்பியின் பெயராலோ ஆர்னிங்கின் பெயராலோ இம்மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றனர்.

இவற்றையெல்லாம் நான் நூலகத்தில் கற்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறு பங்கில் சில ஆண்டுகள் மேய்ப்புப்பணி ஆற்றியபோது, கார் தொழிற்சாலை ஒன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரும், அவருடைய பேத்தியும் எனக்குக் கற்பித்தவை இவை. கார் அவருடைய மகனுக்குச் சொந்தமானது. துருப்பிடித்துக் கிடந்த அதனை விலைக்கு வாங்கி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று மகன் உழைத்திருந்தார். அந்நாட்டில் இதனை ஒரு தவமாகவே செய்வோர் உண்டு. அன்றைய தொழிலாளர் அடையாளத்துக்காகத் தீட்டிய வண்ணப் பொட்டுகளைக்கூட அதே இடத்தில் மீண்டும் தீட்டுவர். பணி முடிந்த சில காலத்திலேயே மகன் நோயுற்று இறந்துபோனார். அப்போது அவருடைய மகள் சிறுமி.

அதன்பின் அந்தக் கார் ஒரு திருப்பண்டம் ஆயிற்று. மாதத்துக்கு ஒருமுறை, பனிக்காலம் நீங்கலாக, முதியவர் அதனை ஓட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வார். வேறெங்கும் கொண்டு செல்வதில்லை. பேத்தி வளர்ந்து, பொறியியல் தொழிற்பயிற்சி பெற்று, தந்தையின் காரைத் தானும் ஓட்ட விரும்பினாள். ஒருமுறை ஓட்டியும் பார்த்தாள். பின்பு தாத்தாவிடம் ஒரு பட்டியலை நீட்டினாள். ஆர்னிங் கண்ட வழியில் மேல் கையை இறக்குதல், தேய்ந்த பால் ஜாயின்ட்டுகளையும் ரப்பர் புஷ்களையும் மாற்றுதல், புதிய சுருள்வில், புதிய ஷாக் அப்சார்பர், தடிமனான குறுக்குத் தண்டு, ஒற்றைச் சுற்றாக இருந்த பிரேக்கை இரட்டைச் சுற்றாக்குதல் ஆகியவை அதில் இருந்தன. முதியவர் பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஃபாதர், என் மகன் முறுக்கிய நட்டு ஒன்றைக்கூடத் தளர்த்த நான் விடமாட்டேன். நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். அன்று மாலையே பேத்தியும் வந்தாள். "ஃபாதர், அப்பாவின் காரை மாற்ற நான் விரும்பவில்லை. அதில் சாகவும் விரும்பவில்லை. தாத்தா இறந்தபின் அது யாரும் ஓட்டாத இரும்பாகிவிடும். நீங்களாவது தாத்தாவிடம் சொல்லுங்கள்" என்றாள். மோட்டார் வண்டிகளைப் பற்றி ஏதும் அறியாத என்னை இருவரும் நடுவராக்கினர். பங்குத்தந்தை என்றால் எல்லாம் அறிந்தவர் என்று எண்ணும் பழக்கம் எந்த நாட்டு இறைமக்களுக்கும் பொது போலும்!

இருவர் சொல்லிலும் அன்பு இருந்தது. இறந்தவர்மீது கொண்ட அன்பு ஒருவரை ஒன்றையும் தொடாதிருக்கச் செய்கிறது. மற்றவரை அதில் ஏறி வாழச் செய்கிறது. நான் தீர்ப்புக் கூறவில்லை. அடுத்த முறை கல்லறைக்குச் செல்லும்போது பேத்தி ஓட்டட்டும், நீங்கள் அருகே அமர்ந்து வாருங்கள் என்று மட்டும் முதியவரைக் கேட்டுக்கொண்டேன். அக்டோபர் மாதம், இலைகள் உதிரும் காலம். நான் பின்னிருக்கையில் ஒடுங்கி அமர்ந்திருந்தேன்.

ஆற்றை ஒட்டிய வளைவு ஒன்று வந்தது. வேகம் அதிகமில்லை. ஆயினும் அவளுடைய கைகள் ஓயவில்லை. ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்புவாள், கார் கேளாது, இன்னும் திருப்புவாள், உடனே மிகையாகிவிடும், மீண்டும் பின்னிழுப்பாள். நேர்ச்சாலையிலும் அப்படியே. முதியவர் சாலையைப் பார்க்கவில்லை. பேத்தியின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் இறங்கியபின் நீண்ட நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இத்தனை ஆண்டுகளாக என் கைகளும் இதைத்தான் செய்திருக்க வேண்டும், ஃபாதர். நான் கவனித்ததே இல்லை" என்றார்.

எந்த இறையியல் நூலும் இதைவிடத் தெளிவாக எனக்கு ஓர் உண்மையைச் சொன்னதில்லை. ஒரு குறையோடு நெடுநாள் வாழ்ந்தால், நம் கைகள் அதனை ஈடுசெய்யப் பழகிவிடுகின்றன. பழகியபின் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் ஒவ்வொரு கணமும் செலவிடும் முயற்சியும் தெரிவதில்லை. புதிதாக வந்து அமரும் இளையவருக்கே அது தெரிகிறது. அவர் சுட்டிக்காட்டும்போது, 'இத்தனை நாள் நான் ஓட்டவில்லையா?' என்று சினம் கொள்கிறோம்.

முதியவர் உடன்பட்டார். அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஓர் அங்குல மாற்றம் வெளியாரின் கற்பனை அன்று, அக்காரை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியாளரே கண்டது என்று பேத்தி விளக்கியபோது அவர் தலையசைத்தார். "எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு நாங்கள் செய்ததில்லை. சில காசுகளுக்காக விடப்பட்டவை எத்தனையோ" என்றார், தொழிற்சாலையை நினைத்து. இரண்டு நிபந்தனைகள் விதித்தார். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் துடைத்து, எண்ணெய் தடவி, பெயர் எழுதிக் கட்டி வைக்க வேண்டும். பழைய துளைகளை அடைக்கக் கூடாது.

சாலைகளில் பனியை உருக்க உப்பைத் தூவும் நாடு அது. உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் பழைய கார்கள் பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் உறங்கும். தவக்காலத்தில் வேலை தொடங்கியது. சனிக்கிழமைகளில் ஓய்வு கிடைத்தபோது நான் சென்று விளக்குப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த பணி அது ஒன்றே.

முதலில் ஷாக் அப்சார்பரை மேலிருந்து கழற்றினர். பின் அந்த வழியே ஒரு திருகுக் கருவியை இறக்கிச் சுருள்வில்லை மெல்ல மெல்ல இறுக்கிச் சுருக்கினர். காரின் முன்பாரத்தைச் சுமக்கும் வில் அது. கருவி நழுவினால் அருகிலிருப்பவரின் உயிரைப் பறித்துவிடும். அந்த நேரத்தில் முதியவர் பேத்தியை ஒதுக்கிவிட்டுத் தாமே திருகினார். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று பார்த்தார். வில் வெளியே வந்ததும் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். துளையிடும் வேலையைப் பேத்தியிடம் விட்டார். இரும்புத் தகட்டாலான அச்சு ஒன்றைப் பழைய துளைகளில் பொருத்தினால் புதிய துளைகளின் இடம் தெரியும். சரியாக ஓர் அங்குலம். அதற்கு மேல் இறக்கினால் பால் ஜாயின்ட் தன் வரம்பைக் கடந்து இடிபடும். அதற்கு வேறு ஆப்பு வைக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். நல்ல மாற்றத்துக்கும் அளவு உண்டு என்று எண்ணிக்கொண்டேன். அளவுடைமையும் தலையாய நற்பண்புகளில் ஒன்றே.

இக்கார்களின் முன்பக்கம் ஒவ்வொரு மேட்டிலும் கிறீச்சிடுவது பெயர்பெற்றது. மேல் கையின் புஷ்களுக்குக் கிரீஸ் இடும் துளை எட்டாத இடத்தில் இருப்பதால் பலர் இடுவதே இல்லை. அதனையும் சரிசெய்தனர். குறுக்குத் தண்டைப் பற்றி அவள் சொன்ன கணக்கு எனக்கு வியப்பளித்தது. தண்டு முறுக்கத்தைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் நான்காம் மடியாகப் பெருகுமாம். முக்கால் அங்குலத் தண்டை ஓர் அங்குலமாக்கினால் மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. கண்ணுக்குச் சிறியது, பயனில் பெரியது. தேருக்குச் சிறு ஆணியின் அருமையை எண்ணிப் பார்த்த வள்ளுவருக்கு இது வியப்பாக இருந்திராது.

இறுதியில் சக்கரங்களின் கோணங்களை அமைத்தனர். அன்றைய டயர்களுக்கும் இலேசான ஸ்டியரிங்குக்கும் ஏற்பத் தரப்பட்ட பழைய அளவுகள் இன்றைய ரேடியல் டயர்களுக்குப் பொருந்தா. சக்கரத்தின் மேற்பகுதி இம்மியளவு உட்சாயவும், கார் தானே நேர்வழிக்குத் திரும்பவும் புதிய அளவுகள் இடப்பட்டன. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின், மழை உப்பைக் கழுவிச் சென்ற ஒரு நாளில், கார் வெளியே வந்தது. அதே ஆற்று வளைவு. அவள் ஒருமுறை திருப்பினாள், கார் திரும்பியது. கைகள் அமைதியாக இருந்தன. வெளியே நின்று பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. அதே வண்ணம், அதே எஞ்சின் ஒலி. முதியவர் மட்டும், "அவன் இதை விரும்பியிருப்பான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அல்லது என்னோடு சண்டையிட்டிருப்பான்" என்று சேர்த்துக்கொண்டார். இறந்தோரின் பெயரால் எளிதில் பேசிவிடாத அந்த நேர்மையை நான் மதித்தேன்.

மஸ்டாங் உலகத்துக்கு அறிமுகமான அதே ஆண்டுகளில்தான் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியிருந்தது. 1962ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1965ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவுற்றது. துறவற வாழ்வைப் புதுப்பித்தல் பற்றி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அச்சங்கம் வெளியிட்ட ஏடு, புதுப்பித்தலுக்கு இரண்டு அசைவுகள் ஒருங்கே வேண்டும் என்று கற்பிக்கிறது. ஒன்று, ஊற்றுக்கும் தொடக்ககால உள்ளுணர்வுக்கும் திரும்புதல். மற்றது, மாறிய காலச் சூழலுக்குத் தக அமைத்துக்கொள்ளுதல். இவ்விரண்டையும் பகைவர்களாக்கி நாம் எத்தனை சண்டைகள் இட்டிருக்கிறோம்! நூற்றாண்டு கண்ட பீடத்தை ஒரே நாளில் இடித்துப் பளிங்கு பதிப்போர் ஒருபுறம். கூரை ஒழுகினாலும் ஓடு மாற்றக் கூடாது என்போர் மறுபுறம். அந்தக் கொட்டகையில் இரண்டு அசைவுகளும் ஒன்றாயின. உருவாக்கியவரின் அறிவுக்கே திரும்பியதால் கார் இக்காலச் சாலைக்கும் தகுதி பெற்றது. அருள் இயல்பை அழிப்பதில்லை, அதனை நிறைவாக்குகிறது என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்ததும் இதுவே. அது மஸ்டாங்காகவே இருந்தது. முன்னைவிட முழுமையான மஸ்டாங்காக இருந்தது.

பழைய துளைகளை அடைக்கக் கூடாது என்றாரே முதியவர், அதனையும் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். உயிர்த்த ஆண்டவரின் உடல் புதியது. ஆயினும் ஆணிகளின் தழும்புகள் அதில் மறையவில்லை. அவரைக் கண்ட மகதலா மரியா பற்றிக்கொள்ள முனைந்தபோது ஆண்டவர் தடுத்தார். சகோதரர்களிடம் செல்லுமாறு பணித்து அனுப்பினார். அன்பு செய்தவரை இருந்தபடியே பிடித்து வைத்துக்கொள்ள நாம் விழைகிறோம். அவரோ நம்மை வாழ்வோரிடம் அனுப்புகிறார். தழும்பும் இருக்கட்டும், பயணமும் நடக்கட்டும்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் இத்தகைய வண்டிகள் பல உண்டு. தந்தை வகுத்த ஏற்பாடு என்பதால் எவரும் கேள்வி கேட்காத வழக்கம், ஒருவர் கோபத்தைச் சமாளிக்க வீடே பழகிக்கொண்ட மௌனம், ஒரு சங்கத்தின் பிணக்கைச் சுற்றி வளைந்து செல்லும் பங்கு நிர்வாகம் என எத்தனையோ. கைகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. நாமோ வண்டி நேராக ஓடுகிறது என்று எண்ணுகிறோம். இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும் என்று விழாக்களையும் வசூலையும் பெருக்குகிறோம். தேவைப்படுவது ஒருவேளை ஓர் அங்குல இறக்கமாக இருக்கலாம். அதனைச் சுட்டிக்காட்டும் இளையவரை ஒருமுறை ஓட்டச் சொல்லி, அருகே அமர்ந்து அவருடைய கைகளைப் பார்க்கும் பொறுமையை ஆண்டவர் நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக.